பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு, ஆபிரகாம் பண்டிதர் பொருட்டு

தேவாலயப் பாடகர் குழுக்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். தமிழிசை ஆய்வாளர்களிடம் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கருத்தரங்குகளில் அவர் பெயர் ஒலிக்கிறது. அவருடைய சுருதிக் கணக்கை வைத்து ஆய்வேடுகள் எழுதுகிறார்கள். ஆனால் ஆராதனை முடிந்த பிறகு ஆலயத்தின் பக்கத்து அறையில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரே அடியைப் பத்துத் தடவை பாடிக் காட்டுகிறீர்களே, நீங்கள்தான் அவருக்கு நெருங்கிய சொந்தம். அவரும் அந்த வேலையைச் செய்தவர். உங்களில் பலருக்கு அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் போனது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

பண்டிதர் என்றதும் தெரிந்தவர்களுக்கு நினைவில் வருவது 'கருணாமிர்த சாகரம்' என்ற தடித்த புத்தகம். 1917இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். தமிழிசையின் தொன்மை, சிலப்பதிகாரத்தின் பாலைகள், சுருதிகளின் கணக்கு என்று அதில் இல்லாதது இல்லை. அந்தப் புத்தகம் அவரைப் பெரிய ஆராய்ச்சியாளராக நிலைநிறுத்தியது. கூடவே அவருக்குள் இருந்த வாத்தியாரை மறைத்தும் விட்டது. பள்ளியில் பாடம் நடத்தியவர், பெற்ற பெண்பிள்ளைகளுக்குச் சுரம் பிரித்துச் சொல்லிக் கொடுத்தவர், குழந்தைக்குப் புரிகிற சொல்லில் கீதம் எழுதியவர் — இவரிடமிருந்துதான் அந்த ஆராய்ச்சியாளர் பிறந்தார் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் தஞ்சாவூர்க்காரர் இல்லை. தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தவர். தகப்பனார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் காலத்துத் தென்மாவட்டங்களில் ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்து மேலே வர மிஷன் பள்ளிகளும் ஆசிரியப் பயிற்சியும் வழி திறந்துவிட்டன. அவரும் அந்த வழியாகத் திண்டுக்கல் போனார். அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றார், ஆசிரியராகவும் இருந்தார். அந்த ஊரில்தான் சடையாண்டி என்ற வித்துவானிடம் பிடில் கற்றுக்கொண்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். புகைப்படக்கலை, அச்சுத்தொழில், சோதிடம், சித்த மருத்துவம் என்று எதைத் தொட்டாலும் ஆழம் வரை போனார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற சித்தரைச் சந்தித்து அவரிடம் மருந்து முறைகளைக் கற்றதும் அந்த நாட்களில்தான்.

ஞானவடிவு பொன்னம்மாளை மணந்து, 1883இல் இருவரும் தஞ்சாவூருக்கு வந்தார்கள். லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் கணவன் மனைவி இருவருமே ஆசிரியர்கள். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய காலம் அது. படித்த ஒரு பெண், கணவருக்குச் சமமாக நின்று பாடம் நடத்திய குடும்பம் அது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பின்னால் சொல்லப்போகும் பரோடா மாநாட்டில் நடந்தது எப்படி நடந்தது என்று புரிவதற்கு அது உதவும்.

தஞ்சாவூர் அப்போது எப்படிப்பட்ட ஊர் என்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. தியாகராஜர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய சீடர்களின் சீடர்கள் காவிரிக்கரை ஊர்களில் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் திருச்சபைக்கும் அந்த ஊரில் சங்கீதம் புதிதல்ல. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கைப்பிடித்து வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், சரபோஜி மன்னருடன் கூடப் படித்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், 1864 வரை அங்கே வாழ்ந்தார். நாம் ஆராதனையில் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளில் எத்தனை அவருடையவை என்று உங்களுக்கே தெரியும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டிருந்தார். அந்த வரிசையில் வந்து சேர்ந்தவர் நம் பண்டிதர்.

1890இல் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மருத்துவத்தில் இறங்கினார். கோரோசனை மாத்திரைகள் நன்றாக விற்றன. ஊர் தாண்டி, கடல் தாண்டியும் போயின. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் பயிரிட்டார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். அவர் வைத்த பெயர் கருணானந்தபுரம், தம் மருத்துவ ஆசானின் பெயர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி அந்தத் தோட்டத்தை வந்து பார்த்தார். 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. அவருடைய அச்சகத்துக்கும் லாலி பெயர்தான். இந்தச் செல்வாக்கைப் பற்றி நிறையச் சொல்லலாம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றே: மருந்தில் வந்த பணம் இசைக்குப் போயிற்று. எந்த மன்னரையும் அவர் அண்டவில்லை, எந்த மடத்தையும் கேட்கவில்லை. மாத்திரை விற்று மாநாடு நடத்தினார். சொந்த அச்சகத்தில் சொந்தப் புத்தகத்தை அடித்தார்.

இனி, உங்களுக்கு நேரடியாக உரிய விஷயத்துக்கு வருகிறேன்.

கர்நாடக இசையைப் படிக்கிற பிள்ளை எப்படித் தொடங்குகிறது? மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். பல மாதங்கள் வெறும் சுரம். அதன் பிறகு கீதம். முதன்முதலாகப் பிள்ளையின் வாயில் சுரத்துடன் சொல் சேர்கிற இடம் அது. மலஹரியில் புரந்தரதாசர் செய்த பிள்ளையார் கீதங்கள் அருமையானவை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளைத் தாங்கி வந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 1900இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை வீணையை மடியில் வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைத்த சொற்கள் தமிழிலும் இல்லை, அது இரவில் முழங்கால் போட்டுச் சொல்லும் ஜெபத்திலும் இல்லை. பிள்ளை பொருள் தெரியாமல் உருப்போடும். சொல் எங்கே முறிகிறது, எங்கே நீள்கிறது என்று தெரியாமலே தாளம் போடும்.

பண்டிதர் இதற்கு வழி கண்டார். 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற நூலை வெளியிட்டார். கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனை என்று கற்கும் பிள்ளை ஏறவேண்டிய படிகளுக்கெல்லாம் தமிழில் தாமே பாடல் எழுதி, சுரப்படுத்திக் கொடுத்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். பாட்டுடைத் தலைவர் அவர் தினமும் தொழுத ஆண்டவர். பெரிய புத்தகத்துக்குப் பத்து ஆண்டு முந்தியது இது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பாடப்புத்தகம், அதன் பிறகே ஆராய்ச்சி. சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவருக்குத்தான் கேள்விகள் முளைக்கும். இந்த ரிஷபம் எவ்வளவு உயரம்? இந்த இராகத்தில் இந்தக் காந்தாரம் ஏன் கொஞ்சம் இறங்கி நிற்கிறது? பிள்ளை கேட்டால் 'அது அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவரால் அப்படிப் போக முடியவில்லை.

அந்தப் பாடல்கள் எல்லாம் உயர்ந்த கவிதை என்று நான் வாதாட வரவில்லை. சாஸ்திரியாரின் வாக்கில் இருக்கிற வெள்ளமும் துள்ளலும் பண்டிதரிடம் இல்லை. அவர் எழுதியது பயிற்சிக்காக. ஒவ்வோர் இராகத்தின் நடையும் பிள்ளையின் தொண்டைக்குள் இறங்க வேண்டும், சொல்லும் பொருளும் கூடவே இறங்க வேண்டும் என்பதற்காக. ஆசிரியர் எழுதிய பாட்டு. அதன் மதிப்பைப் பாட்டாசிரியரான உங்களைவிட யார் நன்றாக அறிவார்?

அவர் வீடே பள்ளிக்கூடம். பிள்ளைகள் எல்லோருக்கும் இசை. குறிப்பாகப் பெண்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் வாய்ப்பாட்டிலும் வீணையிலும் தேர்ந்தார்கள். குடும்பத்தைப் பேணுகிறவர் என்று ஒருவரைப் புகழும்போது, சாப்பாட்டுக்குக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார் என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். பண்டிதர் தம் வாழ்வின் மிகப்பெரிய உழைப்பில் பிள்ளைகளைப் பங்காளிகளாக்கினார். அவர் கணக்கிட்டுச் சொன்ன சுருதி சரிதானா என்று பார்க்க அந்த வீட்டில் இருந்த சோதனைக்கருவி அந்தப் பெண்களின் காதும் குரலும். ஞானவடிவு பொன்னம்மாள் காலமான பிறகு பாக்கியம்மாளை மணந்தார். வீட்டில் இசையும் ஜெபமும் நிற்கவில்லை.

1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். தஞ்சாவூரில் தம் செலவிலேயே இசை மாநாடுகளை அடுத்தடுத்து நடத்தினார். பாடகர்கள், வீணை வித்துவான்கள், நாகசுரக்காரர்கள், சாஸ்திரம் அறிந்தவர்கள் எல்லோரையும் வரவழைத்து, தங்க இடமும் உணவும் கொடுத்து, ஒரு கேள்வியை நடுவில் வைத்தார்: நம் இசையில் சுருதிகள் எத்தனை? சென்னையில் மியூசிக் அகாடமி தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இது நடந்தது.

1916 மார்ச் மாதம் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. மூன்றாம் சாயாஜிராவ் மன்னரின் ஆதரவு. முன்னின்று நடத்தியவர் இசை அறிஞர் பாத்கண்டே. இந்துஸ்தானி இசையின் பெரியவர்கள் கூடிய சபை. அங்கே தஞ்சாவூர் மருத்துவர் ஒருவர் எழுந்து, இருபத்திரண்டு சுருதி என்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வருவது சரியான கணக்கு அல்ல, இருபத்துநான்கு என்று சொன்னார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. தம் மகள்கள் இருவரையும் வீணையுடன் உட்காரவைத்துப் பாடியும் வாசித்தும் காட்டச் செய்தார்.

அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. குடும்பப் பெண்கள் சபையில் உட்கார்ந்து பாடுவதைப் பெரிய இசைக் குடும்பங்களே ஏற்காத காலம். டி.கே. பட்டம்மாள் மேடையேறியது 1930களில். அதற்கே எவ்வளவு பேச்சு எழுந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னால், ரயிலில் நாட்கணக்காகப் போய், மொழி தெரியாத ஊரில், அறிஞர்கள் நிறைந்த மன்றத்தில் இரண்டு தமிழ்ப் பெண்கள் தகப்பனாரின் கருத்துக்குச் சாட்சி சொன்னார்கள். பாட்டுக் கச்சேரியாகக்கூட அல்ல, இசை அறிவியலின் நிரூபணமாக. உங்கள் பாடகர் குழுவில் பெண் பிள்ளைகள்தானே அதிகம்? அவர்களிடம் இந்த ஒரு கதையையாவது சொல்லுங்கள்.

சுருதிக் கணக்கு கடினமானது என்று பயந்து ஒதுங்க வேண்டாம். உங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பையனை வைத்தே விளக்கிவிடலாம். ஏதாவது ஒரு கட்டையைச் 'ச' என்று வைத்து அதன் 'ப'வைத் தொடச் சொல்லுங்கள். அந்தப் 'ப'வையே புதிய 'ச' ஆக்கி, அதற்குப் 'ப'. இப்படிப் பன்னிரண்டு முறை போனால் பன்னிரண்டு கட்டைகளையும் தொட்டுவிட்டு, ஏழு ஸ்தாயி மேலே, தொடங்கிய சுரத்துக்கே வந்துவிடுவான். நம் முன்னோர் இதைப் பன்னிரண்டு இராசி வீடுகளில் வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதைச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் காட்டுகின்றன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்குப் பெயர். குரலுக்கு இளி நம் 'ச'வுக்குப் 'ப'. இதற்குப் பெயர் ஆயப்பாலை.

ஒரு சிக்கல் உண்டு. கீபோர்டை விட்டுவிட்டுத் தந்தியில் காதால் மட்டும் சுத்தமான 'ப' பிடித்துக்கொண்டே போனால் வட்டம் சரியாக முடியாது. ஒவ்வொரு படியிலும் ஒன்றரை மடங்கு என்று பன்னிரண்டு படி ஏறினால் ஏறத்தாழ 129.75 மடங்கு வருகிறது. ஏழு ஸ்தாயிக்கு வரவேண்டியதோ 128. இந்தச் சிறு மிச்சம் உலகத்து இசை இலக்கணக்காரர்கள் எல்லோரையும் படுத்தியிருக்கிறது. பண்டிதரின் முடிவு: வட்டம் மூடியாக வேண்டும், ஆகவே எல்லா இடைவெளியும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஸ்தாயியை ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று மேலும் மேலும் நுட்பமாகப் பகுத்தார். அப்படியானால் 22 எங்கிருந்து வந்தது? வட்டப்பாலையில் விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் மரபு உண்டு. பாடும்போது குறைத்ததைப் பின்னால் வந்தவர்கள் மொத்தக் கணக்காகவே எடுத்துக்கொண்டார்கள் என்றார். பழைய இசை இலக்கணக்காரர் சாரங்கதேவரைப் போன்ற ஆசானை எதிர்த்து இதைச் சொல்ல அவர் பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டார். தசமப் புள்ளிக்குப் பிறகு நீண்டு போகும் எண்கள்.

உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தது 1892இல். அதற்கு முன் அந்த நூல் பெரும்பாலும் ஏட்டுச்சுவடிக்குள் இருந்தது. அச்சில் வந்து கால் நூற்றாண்டுக்குள், அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் உரைகாரர்கள் சொன்ன இசைக் குறிப்புகளை ஒருவர் முழுக் கணக்காக விரித்து எழுதிவிட்டார் என்றால் அந்த உழைப்பை எண்ணிப் பாருங்கள். பகலில் நோயாளிகள், தோட்டம், அச்சகம். இத்தனைக்கும் நடுவே.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிட்டதா? இல்லை. சமமாகப் பகுத்த சுருதி பாடகரின் குரலில் உண்மையாக வருவதில்லை என்று பலர் மறுத்தார்கள். கமகத்தோடு அசைகிற நம் சுரத்தை ஓர் எண்ணில் நிறுத்த முடியுமா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. விபுலானந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டபோது அவர் எடுத்தது வேறு வழி. பண்டிதரின் பெரிய நூலில் கடல்கோளையும் வேதாகமத்து ஜலப்பிரளயத்தையும் ஒன்றோடொன்று இணைத்து எழுதிய பகுதிகளை வரலாறாக என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் பாலைகளின் வட்டத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்த எவரும் அவரைத் தாண்டாமல் போக முடியவில்லை. ஏற்றாலும் மறுத்தாலும் முதலில் அவரிடம் வந்தாக வேண்டும்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நம் சபைகளில் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். அவர் கிறிஸ்தவர், ஒளிக்கவும் இல்லை, ஆடம்பரமாகக் காட்டவும் இல்லை. எழுதிய கீதங்கள் எல்லாம் கர்த்தருக்கு. அதே மனிதர் தமக்கு மருந்து சொல்லிக் கொடுத்த சுருளிமலைச் சித்தரின் பெயரைத் தம் தோட்டத்துக்கு வைத்தார். தம் வாழ்நாள் நூலுக்கும் அந்தப் பெயரையே தலைப்பில் பொதிந்து வைத்தார். ஒரு சமணத் துறவி பாடிய காப்பியத்திலிருந்து இசை இலக்கணம் கற்றார். சைவரும் வைணவரும் முகமதியரும் கூடிய சபைகளில் சமமாக உட்கார்ந்து வாதாடினார். யாரிடம் கற்றாரோ அவரைக் கடைசி வரை ஆசானாகவே மதித்தார். அதனால் அவர் ஜெபம் ஒரு நாளும் குறைந்து போகவில்லை. உங்களில் சிலர், கர்நாடக இராகம் சொல்லிக் கொடுத்தால் சபையில் முணுமுணுக்கிறார்கள், அது வேறு மதத்துப் பாட்டு என்கிறார்கள் என்று வருந்தி நான் கேட்டிருக்கிறேன். அப்படி யாராவது சொன்னால் பண்டிதரைச் சொல்லுங்கள். சாஸ்திரியாரைச் சொல்லுங்கள். 1853இல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி அச்சிட்டதைச் சொல்லுங்கள். கடல் கடந்து வந்தவருக்கே இந்த மண்ணின் பாட்டில்தான் இந்த மண்ணின் ஜெபம் ஏறும் என்று தெரிந்திருந்தது.

1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் காலமானார். அறுபது வயது. அவர் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் அச்சேறாமல் இருந்தது. இராகங்களைப் பற்றிய அந்தப் பகுதியை 1946இல் குடும்பத்தார் வெளிக்கொணர்ந்தார்கள். தகப்பன் போய் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து. கையெழுத்துப் பிரதியைக் கறையானுக்குக் கொடுக்காமல், பங்கு பிரிக்கும்போது பழைய காகிதம் என்று தள்ளாமல், அத்தனை காலம் காத்தவர்கள் அவர்கள். மகன் வரகுண பாண்டியன் யாழைப் பற்றித் தாமே ஆராய்ந்து 'பாணர் கைவழி' என்ற நூலை 1950இல் வெளியிட்டார். பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பண்டிதர் ஒரு வேலையை வைத்துவிட்டுப் போனார்; பிள்ளைகள் அதை மனமுவந்து எடுத்துச் செய்தார்கள். வீட்டில் சுரத்தோடு அன்பும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒழிய இது நடக்காது.

இப்போது உங்களிடம் நான் கேட்க வந்தவை.

உங்கள் கையில் இருக்கிற கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பல பாட்டுகளின் தலையில் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஆனந்தபைரவி என்றிருக்கும், ரூபக தாளம் என்றிருக்கும். எத்தனை சபைகளில் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கிறார்கள்? பெரும்பாலும் கீபோர்டில் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு, அது ஓடுகிற வேகத்தில் எல்லாப் பாட்டையும் ஓட்டிவிடுகிறோம். ஆனந்தபைரவியின் குழைவு அந்தக் கட்டைகளுக்குள் அடங்காததால் மெட்டு நாளடைவில் நேராகி, பக்கத்துப் பாட்டின் மெட்டைப் போலவே ஆகிவிடுகிறது. வயதான அம்மாக்கள் மட்டும் இன்னமும் பழைய வளைவோடு பாடுகிறார்கள். பிள்ளைகளோ அதைப் பிசகு என்று நினைக்கிறார்கள். கீபோர்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பண்டிதரே மேற்கத்திய இசையை ஆவலோடு கற்றவர். பாட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் கருவியை நிறுத்திவிட்டுக் குரலால் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். கையால் தாளம் போடவையுங்கள். பாட்டைத் தொடங்கும் முன் இராகத்தின் பெயரைப் பிள்ளைகள் சேர்ந்து சொல்லட்டும். ஏறுநிரலையும் இறங்குநிரலையும் ஒரு முறை பாடட்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நல்ல காது உள்ள பிள்ளை ஒவ்வொரு குழுவிலும் ஒன்றிரண்டு இருக்கும். உங்களுக்கு அது யார் என்று ஏற்கெனவே தெரியும். அந்தப் பிள்ளையைச் சினிமா மெட்டில் கட்டிய விடுமுறைப் பள்ளிப் பாட்டோடு விட்டுவிடாதீர்கள். சரளி வரிசையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். உங்களுக்கே அந்தப் பயிற்சி இல்லையென்றால் ஊரில் உள்ள பாட்டு டீச்சரிடமோ ஓதுவாரிடமோ நாகசுர வித்துவானிடமோ கூட்டிப் போங்கள்; பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள். கீதம் பாடும் நிலைக்கு வந்ததும் பண்டிதரின் திரட்டிலிருந்து ஒன்றைக் கற்பியுங்கள். பழைய நூலகங்களிலும் மின்நூலகங்களிலும் தேடுங்கள். இறையியல் கல்லூரிகளின் நூலகங்களிலும் கேட்டுப் பாருங்கள். சுரம் போட்ட பாட்டு என்பதால் மெட்டைக் கேட்காமலே மீட்டெடுக்க வழியிருக்கிறது.

கடைசியாக, உங்களில் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாயாரிடமோ, பழைய பள்ளி ஆசிரியையிடமோ, தஞ்சாவூர்ப் பக்கத்து உபதேசியாரிடமோ கேட்டுப் பழகிய பண்டிதர் பாட்டு ஒன்று உங்கள் நினைவில் இருக்கலாம். முழுதும் நினைவில்லாமல் பல்லவி மட்டும் இருக்கலாம். அதைக் கைப்பேசியில் பாடிப் பதிந்து வையுங்கள். இராகம் தெரிந்தால் இராகத்தையும், யாரிடம் எந்த ஊரில் கற்றீர்கள் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையே அதை உங்கள் குழுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடுங்கள்; சபையில் அரங்கேற்ற ஒரு பண்டிகை நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மிகுந்த அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவன்